முறுக்கான் தட்டமும் நெய்யூர் மருத்துவர்களும்

முறுக்கான் தட்டம் வைக்காத கல்யாண வீட்டை மயிலாடிப் பக்கம் நாம் கண்டதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. இந்தத் தட்டத்திற்கு உலக மருத்துவ வரலாற்றில் ஓர் இடமுண்டு என்பதை நம் ஊரார் பலர் அறியார்.

1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயைப் பற்றியும், 1809இல் அவர் இங்கே எழுப்பிய ஆலயத்தைப் பற்றியும் போதிய அளவு பேசிவிட்டோம். அதே லண்டன் மிஷன் 1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப்பணி பின்னாளில் புற்றுநோய் மருத்துவத்தின் பள்ளிக்கூடமாகவும் விளங்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஹோவர்ட் சாமர்வெல் என்றால் எவரெஸ்ட்தான் நினைவுக்கு வரும். 1922, 1924 ஆகிய இரு பயணங்களிலும் அவர் இருந்தார். நமக்கு மலையைவிட அவர் கத்தி முக்கியம். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்றவர். 1916இல் சோம் போர்க்களத்தின் காயங்களில் கைபழகியவர். புற்றுநோய்க்கென்று தனிப்படிப்பு ஏதும் அவர் படித்துவிட்டு நெய்யூருக்கு வரவில்லை. அங்கே அவரை நாடி வந்தவர்களுள் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண்ணோடு வந்தவர்கள் ஏராளம். வலி பொறுக்காமல், காலம் கடந்தபின் வந்தவர்கள். கத்தியாலும் ரேடியத்தாலும் செய்யக்கூடியதைச் செய்தார்கள்.

ஆனால் அறுப்பதோடு நின்றுவிடவில்லை. புண் ஏன் கன்னத்தில் வருகிறது என்று கேட்டார்கள். நெய்யூரில் பணிசெய்த இயன் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் 'லான்செட்' இதழில் எழுதினார். முறுக்கானை ஒதுக்கிவைக்கும் இடத்திற்கும் புண்ணுக்கும் உள்ள உறவு அதன்பின் உலகத்தார் பார்வைக்கு வந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை கலந்த தாம்பூலத்தை 1985இலும், வெறும் பாக்கையே 2004இலும் புற்றூக்கி என அறிவித்தது. நம் முன்னோரின் கன்னங்கள்தாம் அந்த மருத்துவர்களுக்குப் பாடநூலாயிருந்தன. அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

முறையான பயிற்சி பிந்தியே வந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு பிறந்த அடையாறு புற்றுநோய் நிலையம், 1984இல் நாட்டிலேயே முதன்முறையாக இத்துறையில் உயர்சிறப்புப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இன்று ஒருவர் மருத்துவப் பட்டம், மூன்றாண்டு முதுகலை, மேலும் மூன்றாண்டு உயர்சிறப்பு என ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தாக வேண்டும். சாந்தா 1955இல் அங்கே சேர்ந்தபோது, அவரும் கிருஷ்ணமூர்த்தியும் வேலை செய்துகொண்டே கற்றனர்.

இன்று நம்மவர் திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏறுகின்றனர். பன்னிரண்டு ஆண்டு படித்த அந்த இளம் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லுமுன் கேட்பது, முறுக்கான் போடும் பழக்கமுண்டா என்பதையே. பெரும்பாலோர், "எப்பவாவது ஒண்ணு" என்கிறார்கள்.