விலகிய விரலும் ஓலைப் பல்லியும்

வலைப்பந்துப் பயிற்சியின்போது என் வலக்கைச் சுட்டுவிரல் மூட்டு விலகிவிட்டது. மருத்துவர் இழுத்துப் பொருத்தி, நடுவிரலோடு சேர்த்துக் கட்டினார்.

ஓய்வு நாள்களில், கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டஸ் பெயரால் வழங்கும் 'மூட்டுகள்' என்னும் நூலைப் படித்தேன். ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழைமை உடையது. விலகிய விரலை இழுத்துப் பொருத்த, பேரீச்சை ஓலையில் பின்னிய 'பல்லி' ஒன்றை அது கூறுகிறது! இழுக்க இழுக்க விரலை இறுகப் பற்றும் பின்னல் அது. இன்றைய எலும்பு மருத்துவத்திலும் அவ்வாறே இறுகும் வலைக்குழல்கள் உண்டு. பொருத்தியதும் மெழுகிட்ட மெல்லிய துணியால் விரைந்து கட்டவும் அந்நூல் சொல்கிறது.

என் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். விரல்தான் மடங்க மறுக்கிறது. நாள்தோறும் வெந்நீரில் நனைத்து மடக்கிப் பழகுகிறேன். வெண்பலகையில் நான் எழுதும் 'ழ' இன்னும் கோணல்தான். முதலாம் ஆண்டு மாணவர்களோ அதையே பார்த்து எழுதுகின்றனர்.