நீர்மத்தில் லேசர் நீக்கம்: குறைகடத்தி நானோ துகள்கள்

நீர்மத்தில் மூழ்கிய திண்மத்தின் மீது லேசர் துடிப்புகளைச் செலுத்தி, பெயர்ந்து வரும் பொருளை அந்த நீர்மத்திலேயே நானோ துகள்களாகத் திரட்டும் முறை இது. வேதிப்பொருள் கலவாத தூய வழி என்றே இதை வழக்கமாக அறிமுகப்படுத்துகிறார்கள். தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் அந்த வருணனை பெருமளவு பொருந்தும். குறைகடத்திகளிலோ நீர்மமும் வினைபடுபொருளாகிவிடுகிறது. 1987-இல் புனேவைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் தண்ணீரில் அமிழ்த்திய இரும்பின் மீது லேசரைப் பாய்ச்சினார்கள்; பரப்பில் இரும்பு ஆக்சைடு உருவாயிற்று. அதற்கு ஆக்சிஜன் தந்தது தண்ணீர்தான். அவர்கள் ஆராய்ந்தது பரப்பின் மாற்றத்தை, துகள் தயாரிப்பை அல்ல; எனவே இதை இம்முறையின் தொடக்கமாகக் கொள்ளக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. 1993-இல் ஆய்வாளர்கள் ஃபோய்டிக்கும் ஹெங்லைனும் கரைப்பானுக்குள் படலங்களையும் மிதக்கும் துகள்களையும் லேசரால் சிதைத்துக் கூழ்மக் கரைசல்கள் செய்ததே துகள் தயாரிப்பின் தொடக்கம். ஆனால் பின்னர் குறைகடத்தித் துகள் செய்த அனைவரையும் துரத்திய கேள்வி, புனே சோதனையில் எழுந்த கேள்விதான்: கிடைக்கும் பொருளில் நீர்மத்தின் பங்கு என்ன?

நீர்மம் வினையில் கலப்பதற்கான காரணம் இம்முறையின் இயக்கத்திலேயே இருக்கிறது. துடிப்பு பட்ட இடத்தில் பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மா எழுகிறது. அதைச் சுற்றி நீராவிக் குமிழி விரிந்து, நானோ நொடித் துடிப்பானால் சில நூறு மைக்ரோ நொடியில் சுருங்கிவிடுகிறது. இத்தனை வெப்பத்தில் நீர்மம் சிதையாமல் இருக்க முடியாது. தண்ணீரில் துத்தநாகத்தைச் சுட்டால் கிடைப்பது குறைகடத்தியான துத்தநாக ஆக்சைடு. போதிய அளவு பரப்புச்செயலி சேர்த்தால் உள்ளே உலோகக் கரு எஞ்சுகிறது. சிலிக்கான் துகளோ ஆக்சைடு போர்த்திக்கொண்டு வருகிறது. துத்தநாக ஆக்சைடை வெற்றி என்றும் சிலிக்கானின் ஆக்சைடுப் போர்வையை மாசு என்றும் சொல்வது நம் விருப்பத்தைப் பொறுத்தது; வேதியியல் இரண்டிலும் ஒன்றே.

இம்முறைக்கு எதிராக, துகளின் அளவுக் கட்டுப்பாடு குறித்த மறுப்பு இன்னும் வலுவானது. அதே 1993-இல் எம்.ஐ.டி.யில் மௌங்கி பவெண்டி குழு, சூடான கரைப்பானுக்குள் மூலப்பொருளைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரே அளவிலான காட்மியம் செலினைடு நுண்படிகங்களை உருவாக்கியது. இத்தகைய நுண்படிகங்களான குவாண்டம் புள்ளிகளுக்கான 2023 வேதியியல் நோபல் பரிசில் பவெண்டிக்குப் பங்கு கிடைத்தது அந்தத் துல்லியத்துக்காகவே. லேசர் துகள்களின் அளவு பரவலாகச் சிதறியிருக்கும். ஒளிரும் நிறம் அளவையே சார்ந்த இடத்தில் இது சிறு குறையல்ல. விளைச்சலைக் காட்டி இதற்குப் பதில் சொல்வாருண்டு: 2016-இல் டூயிஸ்பர்க்-எசன் பல்கலைக்கழகக் குழு மணிக்கு 4 கிராம் வரை எட்டியது. அவ்வளவும் உலோகங்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.