சின்னமேளத்திற் புகுந்த கிளாரினெற்

1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது. ஆதலின், உப்புவெளிக் கரையில் வாழும் எம்மவர் பாண்டு வாத்தியங்களைப் படையோடு வந்த அந்நியப் பொருள்கள் எனக் கருதுவதில் வியப்பில்லை. எனினும், அவற்றுள் ஒன்றாகிய கிளாரினெற் கோயிலாடலுக்கே துணையாய் அமைந்ததொரு வரலாறும் உண்டு.

ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரிலே 1700ஆம் ஆண்டளவில் டென்னர் என்பவர் இக்கருவியை உருவாக்கினார். அதன் குடும்பத்துப் பாசெற் கொம்பினை, 1791இல் அரங்கேறிய தமது 'மாயக் குழல்' என்னும் இசைநாடகத்தில், கோயிற் குருமார் தோன்றும் காட்சிகளுக்கு மோசாற் பயன்படுத்தினார். ஆழ்ந்த ஒலியுடைய பாஸ் கிளாரினெற் 1836இல் மயர்பியரின் இசைநாடகத்தின் வாயிலாகப் பாரிஸ் அரங்கில் ஒலித்தது.

தமிழகத்திலோ, 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் அரண்மனையில் மேனாட்டுப் பாண்டுக் குழுவொன்றை வைத்திருந்தார். அதே நூற்றாண்டிலே மகாதேவ நட்டுவனார் கிளாரினெற்றைச் சின்னமேளத்திற் சேர்த்தார் என்பர். நாகசுரமும் தவிலும் கூடியது பெரியமேளம், சதிராடலுக்குரியது சின்னமேளம். நாகசுரத்தின் சிறு வடிவம் போன்ற முகவீணையே அங்கு முன்னர் பாட்டைத் தொடர்ந்து ஒலித்தது. மெல்ல மெல்ல அதனிடத்தைக் கிளாரினெற் பெற்றது.

இம்மாற்றம் எளிதன்று. நாகசுரத்தில் ஊதும் வலிமையைக் கூட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். கிளாரினெற்றில் மேல்வரிசைக்குத் தாவினால் ஒரு ஸ்தாயியும் அதன்மேல் ஒரு பஞ்சமமும் உயரும். ஆகவே கீழ்ச் சுரங்களுக்குப் பழகிய விரல்கள் மேற் சுரங்களுக்கு வேறுவகையாய்ப் பழகவேண்டும். உலோகச் சாவிகளோ சுரங்களைத் தனித்தனியே நிறுத்துவன. கமகமோ சுரத்தைச் சுரத்தோடு இழைப்பது. திறந்த துளைகளில் விரலைச் சிறிது சிறிதாக நகர்த்தியும் உதட்டின் இறுக்கத்தை மாற்றியும் எம் கலைஞர் அக்கமகத்தை வரவழைத்தனர்.

1931இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ஏ. கே. சி. நடராஜன் நாகசுரம் பயின்றவர். அப்பயிற்சியோடு கிளாரினெற்றைக் கையிலெடுத்து, தவில் துணையுடன் அதனைத் தனி அரங்கிற்கு உயர்த்தினார். சென்னை மியூசிக் அக்கடமி 2008இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. எனினும், நாட்டியம் கோயிலையும் சதிரையும் விட்டுச் சபா மேடைக்குச் சென்றபின், புல்லாங்குழலும் வயலினும் கிளாரினெற்றை அங்கிருந்து விலக்கின.

முகவீணை மறைந்ததும், கிளாரினெற் பின்தள்ளப்பட்டதும், அவை அயலார் பொருள்கள் என்பதனாலன்று, பயில்வார் குறைந்தமையாலேயே. வெளியிலிருந்து வந்த கருவியையும் பயிற்சி எமதாக்கும். எமது கருவியையும் புறக்கணிப்பு எமக்கு அந்நியமாக்கும். திருவிழாக் காலங்களில் நாகசுரம் கேட்டு மகிழும் இளைஞராகிய எம்முட் சிலரேனும் அதனைக் கையிலெடுத்துப் பயில முன்வருவோமாக.