கட்டிலில் ஒரு ஜனாதிபதி

அக்டோபர் 2, 1919. வெள்ளை மாளிகை. காலையில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனின் இடது கை துவண்டு கிடந்தது. மனைவி எடித், டாக்டரை வரச்சொல்லி போன் செய்யப் போனார். திரும்பி வருவதற்குள் பாத்ரூம் தரையில் கிடந்தார் மனிதர். பக்கவாதம்! இடது பக்கம் விளங்காமல் போய்விட்டது.

ஊருக்கு டாக்டர் கிரேசன் சொன்னது? வெறும் நரம்புத் தளர்ச்சிதானாம்!

நேரமாவது நல்ல நேரமா? முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சேல்ஸ் ஒப்பந்தம் செனட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேதான் வில்சன் பெற்ற பிள்ளையான சர்வதேச சங்கமும் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் லாட்ஜ், சில நிபந்தனைகளைச் சேர்த்தால் ஓட்டுப் போடுகிறோம் என்றார். கொஞ்சம் வளைந்தால் காரியம் முடிந்துவிடும்.

டிசம்பர் 5ம் தேதி இரண்டு செனட்டர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். செயலிழந்த கையைப் போர்வைக்குள் மறைத்துவிட்டு வில்சன் பேசினார். மூளை நன்றாகத்தான் இருக்கிறது என்று வந்தவர்கள் நிருபர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

பேச்சு இருந்தது. ஞாபகம் இருந்தது. போனது வேறு. சட்டென்று அழுகை, தாங்கமுடியாத எரிச்சல். நடக்கவே திணறியவர், 1920 தேர்தலில் மூன்றாம் முறையாக நிற்க ஆசைப்பட்டார்! தன்னைக் கேட்காமல் மந்திரிசபையைக் கூட்டினார் என்று வெளியுறவு மந்திரி லான்சிங்கை வெளியே அனுப்பினார். சமரசத்துக்கு எடித்தே கெஞ்சிப் பார்த்தார். ம்ஹூம். நிபந்தனையோடு வந்தால் தோற்கடியுங்கள் என்று சொந்தக் கட்சிக்காரர்களுக்கே உத்தரவு. 1920 மார்ச் 19 அன்று 49-க்கு 35 என்று ஓட்டு விழுந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு ஓட்டு குறைவு. அமெரிக்கா கடைசிவரை சர்வதேச சங்கத்தில் சேரவே இல்லை.

அந்த மண்டைக்குள் என்னதான் நடந்திருக்கும்?

வேடிக்கை பாருங்கள், அதே 1919ல் ஸ்பெயினில் பியோ டெல் ரியோ ஓர்டேகா என்ற விஞ்ஞானி, மூளைக்குள் இருக்கும் குட்டிக் காவலாளி செல்களை அடையாளம் கண்டு ‘மைக்ரோகிளியா’ என்று பெயர் வைத்தார். பக்கவாதத்தில் ரத்தம் கிடைக்காத மூளைச் செல்கள் சாகும்போது இந்தக் காவலாளிகள் சிலிர்த்து எழுகிறார்கள். ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களும் ஓடி வருகின்றன. முள் குத்தின இடம் சிவந்து, சூடாகி, வீங்குமே... அதே சமாசாரம்தான். டாக்டர்கள் பாஷையில் அழற்சி.

செத்ததைக் கூட்டிப் பெருக்க இது வேண்டும். சிக்கல் எங்கே என்றால், பெருக்கி முடித்த பிறகும் வேலையாட்கள் வீட்டைவிட்டுக் கிளம்பாததில்! மாதக்கணக்கில் அழற்சி நீடித்தால், அதன் ரசாயனங்கள் மனநிலையிலும் யோசிக்கும் வேகத்திலும் கை வைக்கக்கூடும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. ‘கை கால் போன துக்கம்’ என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ரத்தத்தில் அழற்சியின் அடையாளம் கூடுதலாக இருப்பவர்களுக்குச் சோர்வும் மறதியும் கூடுதல் என்று பல ஆய்வுகள் பிற்பாடு காட்டின. அதுதான் காரணமா, கூடவே வரும் நிழலா என்ற விவாதம் ஓயவில்லை.

வில்சனின் பிடிவாதம் முழுவதற்கும் அழற்சி மேல் பழி போட முடியாது. ஆரோக்கியமாக இருந்தபோதே மனிதர் லேசில் வளையமாட்டார். தன் ஊனத்தின் கனம் உறைக்காமல் போவது, மூளையின் வலது பக்கம் அடிபட்ட சிலருக்கு வரும் தனிக் கோளாறு. என் கோபமெல்லாம் கிரேசன் மேல்தான். நோயாளியின் மனசு மாறியதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் அவர், ஊரறிய வாயே திறக்கவில்லை.

மந்திரிசபைக் கூட்டத்தில் ஜனாதிபதி மறுபடி வந்து உட்கார்ந்தது 1920 ஏப்ரலில்தான். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஜனாதிபதியே சாதித்தாலும், துணை ஜனாதிபதியும் பெரும்பான்மை மந்திரிகளும் சேர்ந்து எழுதிக் கொடுத்து அதிகாரத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற சட்டத் திருத்தம் அமெரிக்காவில் வந்தது 1967ல்.