தண்ணியில்லாக் காடு: ஒரு மாவட்டம் பின்தங்கவைக்கப்பட்ட வரலாறு

1

'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்ற மிரட்டலைக் கேட்காத அரசு ஊழியர் தமிழகத்தில் இருக்க முடியாது. சினிமாவில் மந்திரி போலீஸ்காரரைப் பார்த்து இதைச் சொல்கிறபோது நாமும் சிரித்திருக்கிறோம். அந்தக் காடு எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ராமநாதபுரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மாவட்டம் முழுவதும் இங்கே தண்டனையின் பெயராகிவிடுகிறது. அங்கேயே பிறந்து அங்கேயே சாகிற லட்சக்கணக்கான மக்கள் எந்தக் குற்றத்துக்காக அந்த 'மாற்றலை'ப் பெற்றார்கள் என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் எழுவதில்லை.

அந்தப் பக்கத்துச் சம்சாரி 'காட்டுக்குப் போறேன்' என்றால் தன் புஞ்சைக்குப் போகிறார் என்று பொருள். உழைப்பு நடக்கிற இடத்தின் பெயர் அது. அதிகாரியின் வாயில் அதே சொல் மனிதர் வாழத் தகுதியற்ற இடமாகிவிடுகிறது. இந்தப் பொருள் மாற்றத்துக்குப் பின்னால் சுமார் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் ஒரு எளிய உண்மை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோவைச் சமவெளியில் பெய்வது இதைவிடக் குறைவு. ஆனால் கோவையை யாரும் தண்ணியில்லாக் காடு என்று சொல்வதில்லை. ஆகவே வானத்தைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. ராமநாதபுரத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடும். அதைப் பிடித்துவைத்தால் வெள்ளாமை, விட்டுவிட்டால் கடலுக்கு. எனவே இங்கு தண்ணீர் என்பது இயற்கைப் பிரச்சினை என்பதைவிட அமைப்பு சார்ந்த பிரச்சினை எனலாம்.

2

அந்த அமைப்பின் பெயர் கண்மாய். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக வெளியேறும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயை வந்தடைகிற ஆறுதான். வரத்துக்கால் தூர்ந்தால், மடை உடைந்தால், ஓர் ஊர் மட்டும் கெடுவதில்லை. கீழே உள்ள ஊர்கள் எல்லாம் கெடும். ஆகவே இதற்கு ஊர்களுக்கிடையே ஒரு ஒழுங்கும், ஆண்டுதோறும் மராமத்துக்கு ஒதுக்கப்படும் உழைப்பும் உபரியும் தேவை.

1795ல் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிய கம்பெனி, 1803ல் ராமநாதபுரத்தை நிரந்தர ஜமீனாக்கியது. ஜமீன்தார் கட்ட வேண்டிய பேஷ்குஷ் நிலையாக நிர்ணயிக்கப்பட்டது. பக்கத்து மதுரைச் சீமையின் பெரும்பகுதியில் ரயத்துவாரி முறை வந்தது. அங்கு குடியானவர் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்டினார். இந்த நிர்வாக வேறுபாடு வெறும் கணக்குப் புத்தக விஷயம் என்று தோன்றலாம். பிற்பாடு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதில் இதற்கும் பங்கிருந்தது.

மேற்கு மலையில் உற்பத்தியாகி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்து பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டது. 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு அந்த யோசனையைக் கையில் எடுத்தது. 1886ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. 1895ல் அணை திறப்பு. வந்த தண்ணீர் முதன்மையாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரை, மேலூர்ப் பகுதிகளுக்கும் போயிற்று. யோசனை பிறந்த சீமை கடைமடையாகவே நின்றது.

இதை மேட்டுப் பள்ளக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. பாசன வேலைகளை 'வருவாய் தருபவை', 'பஞ்சப் பாதுகாப்புக்கானவை' என்று பிரித்துப் பார்த்தது காலனிய அரசு. போட்ட மூலதனத்துக்கு வட்டியாவது திரும்ப வேண்டும் என்பது அதன் அளவுகோல். ரயத்துவாரிப் புஞ்சை நஞ்சையானால் தீர்வை கூடும். ஜமீன் நிலத்தில் எவ்வளவு விளைந்தாலும் பேஷ்குஷ் அதேதான். பசி இரு பக்கமும் ஒன்றாக இருந்தபோதும் வருவாய் ஒன்றாக இருக்கவில்லை.

ஜமீனுக்குள்ளே, வாரம் வாங்கும் உரிமை ஒரு கையிலும் கண்மாயை நம்பி வாழும் பிழைப்பு இன்னொரு கையிலும் இருந்தன. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு பெரிய கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும், நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. சங்கிலியாக இருந்த ஒன்றைக் கோப்புகள் துண்டு போட்டன. மேல் கண்மாய் ஒரு அலுவலகத்தில், கீழ்க் கண்மாய் இன்னொரு அலுவலகத்தில்.

3

சுதந்திர இந்தியாவின் திட்டமிடல் இந்த அளவுகோலை மாற்றியதா? 1932ல் உற்பத்தி தொடங்கிய பைக்காரா மின்சாரம் கோவையின் ஆலைகளையும் கிணற்றுப் பம்புகளையும் எப்படி ஓட்டியது என்பது தெரிந்த கதை. மழை குறைந்த சமவெளியை அரசின் முதலீடு தூக்கி நிறுத்தியது. 1960-61ல் ஃபோர்டு பவுண்டேஷன் ஆதரவோடு தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தமிழகத்திலிருந்து சேர்க்கப்பட்டது தஞ்சாவூர். உறுதியான பாசனம் இருக்க வேண்டும், இயற்கை இடர் குறைவாக இருக்க வேண்டும் என்பவை தேர்வுக்கான நிபந்தனைகள். அதாவது உரம், விதை, கடன், அலுவலர் எல்லாம் ஏற்கனவே தண்ணீர் இருக்கிற இடத்துக்கு. உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் விரைவாக நெல் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தின் விலையை வானம் பார்த்த சீமைகள் கொடுத்தன என்பது கணக்கில் எழுதப்படவேயில்லை.

ராமநாதபுரத்துக்கு எதுவுமே வரவில்லை என்று சொல்வதும் தவறு. 1914ல் பாம்பன் பாலம் வந்தது, தனுஷ்கோடிக்கு ரயில் வந்தது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வந்தது. மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஜனங்கள் அங்கே அடைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனை முடிந்து அனுப்பப்பட்டார்கள். தண்ணீரைக் கொண்டுவராத மூலதனம் ஆட்களைக் கொண்டுபோகப் பாலம் கட்டியது. பின்தங்கிய பிரதேசம் என்பது பொருளாதாரத்துக்கு வெளியே கிடக்கிற இடமல்ல என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி வேண்டியதில்லை. மலிவான உழைப்பைத் தருவது என்ற வேலை அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று வளைகுடாவுக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிற பையன்களின் பயணமும் இதன் தொடர்ச்சிதான்.

ஜமீன் ஒழிந்த பின் வந்த இன்னொன்று சீமைக்கருவேலம். விறகுக்காகவென்று அரசு பரப்பிய அந்த மரம் புஞ்சையையும் கண்மாய் உள்வாயையும் பிடித்துக்கொண்டது. விவசாயம் போனவர்கள் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தார்கள். 2017ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் அதை வேரோடு பிடுங்கும் வேகம் கிளம்பியபோது, மரத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கரிமூட்டக் கூலி அடுத்த நாள் எங்கே போவார் என்பதை மிகச் சிலரே கேட்டார்கள்.

4

1970களில் வறட்சிப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 1985ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. 2018ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டுமே பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் துண்டுகள். கல்வி, ஆரோக்கியம், வேளாண்மை முதலியவற்றில் மதிப்பெண் போட்டு இம்மாவட்டங்களுக்கிடையே தரவரிசை வெளியிடுகிறார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மேம்பட்டால் நல்லதுதான்; அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஏழை மாவட்டம் இன்னொரு ஏழை மாவட்டத்தோடு போட்டி போடுகிறது. கோவையோடும் சென்னையோடும் அதற்குள்ள உறவு, யார் எதை எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கு, பார்வைக்கே வருவதில்லை. 'விழைவு' என்ற சொல்லே குறையை அந்த ஊர் ஜனங்களின் மனசில் வைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் கிராம்ஷியை நினைவுபடுத்திக்கொள்வது பயன் தரும். 1926ல், கைதாவதற்குச் சற்று முன், இத்தாலியின் தென்பகுதிப் பிரச்சினை பற்றி அவர் எழுதிய முற்றுப்பெறாத கட்டுரை, தெற்கத்தியான் இயல்பிலேயே சோம்பேறி, குற்றவாளி என்ற கருத்தியல் வடக்கின் தொழிலாளர்களிடமே பரவியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. நமக்கு இது அந்நியமான விஷயமல்ல. தென்மாவட்டச் சமூகங்கள் சிலவற்றைப் பிறவிக் குற்றவாளிகளாக்கிய சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 வரை இருந்தது. 'அந்தப் பக்கத்து ஆளுங்க முரட்டுப் பயலுக' என்று நம் தோழர்களே பேசக் கேட்டிருக்கிறோம்.

அதே சமயம், பிரதேசம் என்ற சொல்லை நாம் மொட்டையாகப் பயன்படுத்தவும் கூடாது. திட்டங்கள் குவிந்த தஞ்சையில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். வளர்ச்சி வந்தால் சாதி ஒடுங்கும் என்ற நம்பிக்கைக்கு இது பதில். மறுபக்கம், 1957 முதுகுளத்தூர்க் கலவரம் முதல் 1990களின் மோதல்கள் வரை, 'தொழிற்சாலை இல்லை, அதனால் அடிச்சுக்கிறாங்க' என்று சொல்லி நீதிக் கோரிக்கையை வேலைவாய்ப்புக் கோரிக்கையாக மாற்றுவதும் நடந்திருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்தாலும் மடை யார் கையில், மீன் குத்தகை யாருக்கு, நிலமே இல்லாத தலித் குடும்பத்துக்கு அந்தத் தண்ணீரால் என்ன என்ற கேள்விகள் மிச்சமிருக்கும். பின்தங்கிய பிரதேசம் என்ற கோஷத்தின் அடியில் அந்தப் பிரதேசத்தின் ஆதிக்கசாதி தன்னையும் பாதிக்கப்பட்டதாகக் காட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும்.

2021 பிப்ரவரியில் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முத்திருளப்ப பிள்ளை மலையைப் பார்த்த நாளிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல், எங்கிருந்தோ வரப்போகும் தண்ணீருக்காகக் காத்திருக்கச் சொல்லப்பட்ட சீமை இது. வரட்டும். அதுவரை காத்திருக்காமல் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மாநிலத்தின் பாசன, மின், தொழில் முதலீட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுவாரியாக எவ்வளவு போயிற்று என்ற கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும். கண்மாய்ச் சங்கிலிகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வர வேண்டும். அந்த நிர்வாகத்தில் ஆயக்கட்டுக்காரரோடு நிலமற்றவருக்கும் வாக்கு இருக்க வேண்டும். சலுகை என்று கேட்கப் பழகிய வாய், பாக்கி என்று கேட்கப் பழக வேண்டியிருக்கிறது. அடுத்த முறை யாராவது 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று சொல்லும்போது, 'அந்தத் தண்ணியை எங்கே மாத்தினீங்க?' என்று திருப்பிக் கேட்கலாம்.