இரத்தக் கொதிப்பு விழித்திரை நோய்

இரத்தக் கொதிப்பு நெடுங்காலம் தணியாது நிற்பதனாலோ, திடீரெனக் கடுமையாக ஏறுவதனாலோ விழித்திரையின் இரத்த நாளங்களில் உண்டாகும் விகாரங்கள் இப்பெயரால் வழங்கும். தேகத்தைக் கீறாமலே உட்புற நாளங்களை நேரிற் காணத்தக்க இடம் கண்ணின் அடித்தளமே யாகையால், ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் ஆப்தல்மாஸ்கோப் என்னும் கருவியை வெளியிட்டது முதல், இந்நோய் கண் வைத்தியருக்கேயன்றிப் பொது வைத்தியருக்கும் முக்கியமானதாயிற்று.

அழுத்தம் உயரும்போது, மெல்லிய விழித்திரையைக் காக்கும்பொருட்டு அதன் நுண்தமனிகள் தாமே சுருங்குகின்றன. ஆரோக்கிய நிலையில் தமனிக்கும் சிரைக்கும் உள்ள அகலம் ஏறக்குறைய 2:3 என்ற விகிதத்தில் இருக்க, இப்போது தமனி மேலும் ஒடுங்கித் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் சுவர் தடித்து, அதன்மீது படும் ஒளி முதலிற் செப்புக் கம்பிபோலவும் பின்னர் வெள்ளிக் கம்பிபோலவும் பிரதிபலிக்கும். தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டுக்கும் பொதுவான உறை உண்டு. ஆதலால் இறுகிய தமனி சிரையை அழுத்த, அது இருபுறமும் கிள்ளிவிட்டாற்போலக் காணப்படும். கண் வைத்தியர் மார்க்கஸ் கன் விவரித்த இவ்வடையாளம் உள்ள இடத்திலேயே சிரை அடைபட்டு, பார்வையின் ஒரு பகுதி சட்டென மங்குவதும் உண்டு.

நோய் முற்றுங்கால் நாளங்களிலிருந்து இரத்தம் கசிந்து, நரம்பிழைகளின் வழியே பரவுவதனால் தீச்சுடர் வடிவக் கறைகளாகப் படியும். இரத்தம் பெறாத இழைகள் வீங்கி வெண்பஞ்சுத் திட்டுக்களாகும். கசிந்த கொழுப்பு, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவைச் சுற்றி நட்சத்திரம்போல் அமையும். பார்வை நரம்பின் முகப்பு வீங்குவது, தாமதமின்றிச் சிகிச்சை வேண்டும் அபாயக் குறி.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் ஆகிய மூவரும் 1939இல் இம்மாறுதல்களை நான்கு படிகளாக வகுத்தனர். தக்க மருந்துகள் இல்லாத அக்காலத்தில், முதற்படியினருள் சுமார் 70 சதவீதத்தினர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் உயிருடனிருக்க, நான்காம் படியினருள் அங்ஙனம் எஞ்சியோர் 6 சதவீதத்தினரே.

இதற்கெனத் தனிக் கண்மருந்து இல்லை; அழுத்தத்தைத் தணிப்பதே சிகிச்சை. எனினும் கடுமையாக ஏறிய அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கினால், பார்வை நரம்பு இரத்தமின்றி நலியக்கூடுமாதலால், படிப்படியாகவே குறைப்பர். இரத்தக் கறைகளும் பஞ்சுத் திட்டுக்களும் நாளடைவில் கரைந்துபோகும். தடித்த தமனிகள் பெரும்பாலும் பழைய நிலையை எய்துவதில்லை. இரத்தக் கொதிப்புள்ளோருள், வெண்விழி திட்டாகச் சிவந்தால் அஞ்சி வைத்தியரிடம் ஓடிவருவோர் பலர். அச்சிவப்பு பெரும்பாலும் தானே மறையும். விழித்திரை மாறுதல்களோ தொடக்கத்தில் வலியும் மங்கலும் தாராமையால், பரிசோதனையாலன்றி வெளிப்படா.