எந்தப் பிழை பிடிபடும்? சேதுக் கரை ஓவியங்களில் யதார்த்தம்

வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது அழகன்குளம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 தொடங்கிப் பல கட்டங்களாக அங்கே அகழாய்வு நடத்தியது. ரோமக் காசுகளும் மதுச்சாடி ஓடுகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த பானை ஓடு ஒன்றில் யாரோ கூர்முனையால் ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார். பாய்மரம் மூன்று. பிரெஞ்சு ஆய்வாளர் ஆந்த்ரே செர்னியா 1998இல் இக்கீறலைப் பற்றி ஒரு கட்டுரையில் எழுதினார். பெரிய ரோம வணிகக் கப்பல்களோடு வைத்து அதைப் படித்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து, கப்பல் நூலறிந்த ஒருவர் உடைந்த ஓட்டிலுள்ள சில கோடுகளைப் பார்த்து இன்ன வகைக் கப்பல் என்று விவாதிக்க முடிகிறது. ஒளிநிழல் கிடையாது, வண்ணம் கிடையாது, தொலைவு கிடையாது. இதை யதார்த்தம் என்று சொல்ல நமக்கு ஏன் நா எழுவதில்லை?

நம் ஓவியக் கல்வி கற்றுக்கொடுத்த கதை இதற்கு ஒரு காரணம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி முதலாக, பொருளைக் கண்முன் வைத்து அளந்து, ஒளிநிழல் பிரித்து, தொலைவுக்கேற்பச் சுருக்கி வரைவதே உருவரைதல் என்றாகிவிட்டது. அந்த அளவுகோலால் அளந்தால் அதற்கு முந்தியவை எல்லாம் ‘தட்டை’, ‘இன்னும் கற்காதவை’. கண் கண்டதைக் கை எட்டிப்பிடிக்கப் பல நூற்றாண்டு பிடித்தது என்பது அந்தக் கதை. இராமநாதபுரம், இராமேசுவரம் சூழ்ந்த இந்தச் சேதுக் கரையின் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை என்பதே என் வாதம்.

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தை எடுத்துக்கொள்வோம். கட்டடம் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி (1674-1710) காலத்தது. சுவர்ச் சித்திரங்கள் 18ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் எழுதப்பட்டவை. இராமாயண, பாகவதக் காட்சிகளோடு மன்னரின் வாழ்வும் அங்கே இருக்கிறது. இராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் பெறுகிறார்; மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதரோடு காட்சி தருகிறார்; தஞ்சை மராட்டியரோடு பொருகிறார்; ஐரோப்பியரைச் சபையில் வரவேற்கிறார். காட்சிகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் அமைந்தவை. மன்னர் மற்றவர்களைவிடப் பெரியவர். ஆனால் உடையைப் பாருங்கள். ஐரோப்பியர் யார், சேதுபதியின் ஆட்கள் யார் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே உடுப்பும் தலையணியும் சொல்லிவிடுகின்றன. நெய்த துணியின் கோலம், நகையின் வரிசை, யார் எதைப் பிடித்து எங்கே நிற்கலாம் என்னும் சபை முறை ஆகியவற்றில் தூரிகை பொறுமையாக நின்று வேலை செய்திருக்கிறது. இந்த அரண்மனையை வைத்து அரச அவையின் பொருட்பண்பாட்டையே ஜெனிபர் ஹௌஸ் ஒரு நூலாக எழுத முடிந்தது (2003). தூரத்தைக் கணக்கில் எடுக்காத அந்தச் சுவர் துணியையும் தகுதியையும் கணக்குத் தவறாமல் சொல்கிறது.

தொலைவு சுருங்குவது அந்த ஓவியர்கள் கண்ணில் படவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தள்ளி இராமேசுவரம் கோயிலின் பிராகாரங்கள் இருக்கின்றன. இரண்டாம் பிராகாரம் 17ஆம் நூற்றாண்டிலேயே திருமலை சேதுபதி எடுப்பித்தது. உலகமே வந்து பார்க்கும் மூன்றாம் பிராகாரம் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறைவுற்றது. அதன் ஒரு முனையில் நின்றால் இரு புறத் தூண் வரிசையும் நடுவே ஒரு புள்ளியை நோக்கி ஓடி ஒடுங்கும். இன்று உருவரை பயிலும் மாணவர்களை அங்கே உட்கார வைத்தால் மறைபுள்ளிக்குத் தனிப் பாடம் தேவைப்படாது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் எழுதிய இந்தியக் கட்டடக்கலை நூலில், திராவிடப் பாணியின் சிறப்பு, குறை இரண்டுக்கும் இக்கோயிலையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். அவரையும் கட்டிப்போட்டது அந்த நீளம்தான்.

கண்ணால் காண்பது வேறு, அதை வரையும் முறையைக் கண்டுபிடிப்பது வேறு என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஐரோப்பியரும் தூண் வரிசைகளுக்கு நடுவே பல நூற்றாண்டு நடந்த பிறகே புருனெல்லெஸ்கி வழி காட்டினார். ஆல்பெர்டி 1435இல் அதை நூலாக்கினார். ஆனால் அந்த முறை பார்ப்பவரிடம் ஒன்றைக் கேட்கிறது: ஓரிடத்தில் நில், அசையாதே. இராமலிங்க விலாசச் சுவர் நடந்துகொண்டே படிக்க வேண்டியது. பரிபாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திரக் கூடத்துக்கு வருபவர்கள் இவர் யார், அவர் யார் என்று கேட்டு, விடை பெற்று நகர்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் நீட்சிதான் விளக்க எழுத்தோடு கூடிய இந்தச் சுவரும். ஒற்றை நிலைப்புள்ளிக்கு அங்கே வேலை இல்லை.

நம் சிற்ப நூல் மரபுக்கும் யதார்த்தம் புதிதல்ல. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் ஓவியத்தை நான்காக வகுக்கும்போது உலகை ஒத்ததற்குச் ‘சத்தியம்’ என்று பெயரிடுகிறது. உறுப்புகள் கோணத்துக்கேற்பக் குறுகுவதையும் பெருகுவதையும் பற்றி அதில் விதிகள் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் கண்ணாடியில் கண்டாற்போன்ற ஓவியத்துக்கு ‘வித்தம்’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைத்து வகை பிரித்தவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது எப்படி?

மறுபக்கம் பார்ப்போம். நவீன முறை யதார்த்தத்துக்கு உத்தரவாதமா? திருப்புல்லாணியில் தருப்பைப் புல்லில் கிடந்து கடலரசனை வேண்டிய இராமன் வெகுண்டு வில்லெடுத்த கதை இந்தக் கரைக்கே உரியது. ரவிவர்மா தம் கடைசி ஆண்டுகளில் அதைத் தைல வண்ணத்தில் வரைந்தார். ஈரப் பாறை, இருண்ட வானம், சீறும் அலை, நுரைக்கு நடுவே எழும் வருணன் என எல்லாம் கையால் தொடலாம் போல இருக்கும். ஆனால் சேதுக்கரையில் போய் நின்று பாருங்கள். மணல் கரை, ஆழமற்ற கடல். நல்ல நாளில் குளம் போலக் கிடக்கும். பாறையில் மோதும் அந்தப் பேரலை இந்தக் கரையின் கடல் அல்ல. ரவிவர்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பொருளின் தோற்றத்தில் அவர் காட்டிய நேர்மை பெரியது. தோற்றத்தின் உண்மை ஒன்று, இடத்தின் உண்மை இன்னொன்று. ஒன்று கைவந்தால் மற்றது தானே வந்துவிடாது.

இதை எனக்கு உறைக்க வைத்தது பாம்பனில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. கரையில் ஏற்றியிருந்த பழைய பாய்வள்ளம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். அணியம் என்னை நோக்கி இருந்தது. குறுக்கமும் நிழலும் நன்றாக வந்திருந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. தாமான் எங்க? கச்சான் அடிச்சா பாயை எதை வச்சுப் பிடிப்பீக?” என்றார். பாயின் கீழ்மூலையை இழுத்துக் கட்டும் கயிறு அது. வள்ளத்தில் அது சுருட்டிக் கிடந்தது, என் கண்ணில் படவே இல்லை. நிழலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் கேள்வியையே அளவுகோலாக்கலாம் என்று தோன்றுகிறது. எந்த ஓவியத்தின் யதார்த்தத்தையும் எடைபோட, ‘எதில் பிழை விட்டால் அதைப் பார்த்தவர்கள் பிடித்திருப்பார்கள்?’ என்று கேட்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல் கீறியவரைச் சூழ்ந்தவர்கள் பாய்மரத்தின் எண்ணிக்கையில் பிழை பிடித்திருப்பார்கள். சேதுபதி சபையில் இருந்தவர்கள் தலைப்பாகையிலும் நிற்கும் வரிசையிலும் பிடித்திருப்பார்கள். ஓவியப் பள்ளி ஆசிரியர் மறைபுள்ளியில் பிடிப்பார். அந்தந்த இடத்தில் கை துல்லியமாகிறது. மற்ற இடத்தில் தளர்கிறது.

இன்றைய அளவை வரைபடமும் இதற்கு விலக்கல்ல. ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி எழுதியபோது பாக் நீரிணைப் படகுகளையும் விவரித்தார். சீன் மக்ரெய்லும் துணை ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட தெற்காசியப் படகுகள் நூலில் தமிழகக் கடற்கரையின் வத்தை என்னும் படகு இடம்பெறுகிறது. இத்தகைய ஆய்வு வரைபடம் படகை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் குறுக்கே வெட்டியும் தனித்தனியே காட்டும். அந்த மூன்றையும் ஒருசேரக் கண்ட மனிதக் கண் எதுவும் இல்லை. தண்ணீர் இல்லை, காற்று இல்லை, சாயாமல் இருக்க வெளியே நீட்டிய பலகையில் ஏறி நிற்கும் ஆளும் இல்லை. ஆனாலும் அது துல்லியம் என்று ஒப்புக்கொள்கிறோம்; விலா மரத்தின் வளைவில் பிழை இருந்தால் படகு கட்டுபவர் பிடித்துவிடுவார் என்பதால் ஒப்புக்கொள்கிறோம். நெடுநல்வாடை ‘புனையா ஓவியம்’ என்று சொல்லும் வண்ணம் தீட்டாத கோட்டுருவுக்கு, பானை ஓட்டுக் கப்பலைப் போலவே இந்த அளவை வரைபடமும் நெருங்கிய உறவு.

எனவே இராமலிங்க விலாசச் சித்திரங்களை ஆவணப்படுத்தும்போது பாணி, காலம், தாக்கம் என்ற மூன்று தலைப்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. முகலாயச் சாயல் எவ்வளவு, நாயக்கர் சாயல் எவ்வளவு என்ற கேள்விகளை ஆர். நாகசாமி போன்றோர் முன்பே எழுப்பியிருக்கிறார்கள். இனி அந்தச் சுவர் முன் கூட்டிவந்து நிறுத்த வேண்டியவர்கள் வேறு சிலர்: பரமக்குடியில் தறி ஓட்டுபவர், நகை வேலை செய்பவர், குதிரை வளர்ப்பவர், பாய் கட்டிக் கடலுக்குப் போன தலைமுறையில் மிஞ்சியிருப்பவர். எது சரி, எது தப்பு என்று ஒவ்வொரு அங்குலமாக அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், சாயம் இன்னும் உதிர்வதற்குள்.